ஏறின வழியில் இறங்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) கோட்டைக் குன்றுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஏற்காட்டையோ கொல்லிமலையையோ பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாமே தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கரடுகள் (சின்னப் பாறைக் குன்றுகள்), துர்க்கங்கள் (மலைக்கோட்டைகள்), பெயர் தெரியாத மொட்டைப்பாறைகள் பற்றிய கேள்விகள்தான். படிக்கப் படிக்க சந்தோஷமாக இருந்தது. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப்பாறைக் கரட்டில் நண்பர்களோடு ஏறினேன். ஏறும்போது ஒன்றுமே தெரியவில்லை. இறங்கும்போது பாதிப் பாறையில் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது பயமா, பழக்கம் இல்லாததா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

ரெண்டும்தான் தம்பி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உட்கார்ந்ததும் நல்லதுக்குத்தான். ஏறும்போது கண்ணுக்கு முன்னால் பாறை இருக்கிறது, கை தொடுகிறது, அடுத்த அடி எங்கே என்று தெரிகிறது. இறங்கும்போது கண்ணுக்கு முன்னால் வெறும் ஆகாசம். அதுவரைக்கும் வேலை செய்த தொடையும் களைத்திருக்கும். பயத்தில் உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொள்ளத் தோன்றும் பாருங்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. உடம்பு பாறை மேல் சாயச் சாய, பாதத்தின் மேல் விழவேண்டிய எடை குறைந்துவிடும், கால் நழுவும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இருபது வருஷம் இருக்கும், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கரடு. வலப்பக்கமாக ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வேறு பக்கம் இறங்கிப் பார்க்கலாமே என்று போனேன். நாற்பது அடி இறங்கியதும் பாறை திடீரென்று செங்குத்தாகப் போனது. கீழேயும் போக முடியவில்லை, திரும்பி மேலே ஏறவும் தைரியம் வரவில்லை, இரண்டு கையையும் பாறையில் பதித்துக்கொண்டு பல்லி மாதிரி அப்பிக் கிடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, டயர் செருப்பைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, குறுக்கு வாட்டமாக நடந்தே வந்தார். வந்தவர் என் கையைப் பிடிக்கவில்லை. எனக்குக் கீழே நின்று, என் குதிகாலைப் பிடித்துப் பாறையோடு அழுத்தினார். "முன்னங்காலிலே நிக்காதே சாமி, குதிகாலை இறக்கு" என்றார். இறக்கினேன். அந்த நிமிஷமே கால் ஆட்டம் நின்றுவிட்டது. வெடித்துக் காய்ந்த அவருடைய விரல்கள் என் கணுக்காலில் இருந்த அந்த அழுத்தம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்தக் கையிலிருந்துதான்.

குதிகாலை இறக்கினால் செருப்பின் அடி முழுசாகப் பாறையில் படும், பிடிமானம் கூடும். கெண்டைக்கால் தளர்வதால் நடுக்கமும் குறையும். சாய்வு கம்மியான இடத்தில் வெளிப்பக்கம் பார்த்து, முழங்காலை மடித்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். சாய்வு கூடினால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். இன்னும் கூடினால் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குகிற மாதிரி, கால்களுக்கு நடுவே கீழே பார்த்து இறங்கவேண்டும். உட்கார்ந்தபடியே சறுக்கி வருவதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். நம் பக்கத்துப் பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து உதிர்ந்து மேலே குறுமணல் படிந்திருக்கும். சைக்கிள் பால்ரஸ் குண்டு மேல் உட்கார்ந்த மாதிரிதான் அது, ஒருமுறை சறுக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கறுப்பாகக் கோடு இறங்கியிருக்கும், பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீர் ஓடுகிற தடம் அது, காய்ந்த பாசி. காய்ந்திருந்தால் தொல்லை இல்லை, லேசாக நனைந்தாலும் சோப்புதான். அப்புறம் பாறை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்கிற இடங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் அந்தத் தகட்டை நம்பிக் கையோ காலோ வைக்கக்கூடாது.

புது இடத்தில் நான் செய்வது இதுதான்: நாலு அடி ஏறினால், அதே வழியில் ரெண்டு அடி இறங்கிப் பார்ப்பேன். இறங்க வரவில்லை என்றால் அந்த வழி எனக்கில்லை. கீழே இருந்து உச்சியைப் பார்த்து வழி தேடாதீர்கள். ஏறிக்கொண்டே அடிக்கடி திரும்பிப் பாருங்கள், ஏனென்றால் அதே பாறை இறங்கும்போது வேறு பாறை மாதிரி இருக்கும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. நண்பர்களோடு மலை ஏறவேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அனுப்பலாமா? முதலில் எந்த மலை?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

அனுப்புங்கள் அம்மா, ஆனால் பையன்கள் மட்டுமாக வேண்டாம், மலை தெரிந்த பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். முதல் மலைக்கு நீங்கள் ஊரை விட்டுப் போகவே வேண்டாம், தலைக்கு மேலேயே சையத் பாஷா மலை இருக்கிறதே. தர்காவுக்குப் போகிறவர்கள் ஏறி ஏறிப் பழகின வழி. அடுத்தது ராயக்கோட்டை துர்க்கம். சேலம்–ஓசூர் ரயில் பாதையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, தக்காளி மண்டியைத் தாண்டி நிமிர்ந்தால் மலை. இரண்டுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைகள், மேலே ஏறினால் மதிலும் சுனையும் பார்க்கப் பையனுக்கு ஆசையாக இருக்கும். அரூர் பக்கம் போனால் தீர்த்தமலை, அங்கே கோயில் வரைக்கும் படிக்கட்டே உண்டு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: மேலிருந்து கல்லை உருட்டி விளையாடக்கூடாது. அந்த வயசில் எல்லாப் பையன்களுக்கும் கை துறுதுறுக்கும். 1791-இல், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, நவம்பர் மாதம் ஒரு ராத்திரியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை இதே கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஏணி வைத்துப் பிடிக்கப் பார்த்தது. கீழ்க்கோட்டையில் நுழைந்துவிட்டார்கள், ஆனால் மேல்கோட்டைக்குள் போக முடியவில்லை. திப்புவின் ஆட்கள் மேலிருந்து பெரிய பெரிய கற்களாக உருட்டிவிட்டு ஏணிகளை நொறுக்கினார்கள். அத்தனை பெரிய படை திரும்பிப் போனது. அதே வருஷம் ராயக்கோட்டை கும்பினி கைக்குப் போயிருந்தது, மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலே போனது, ஆனாலும் இந்த ஒரு கோட்டையைச் சண்டை போட்டு அவர்களால் பிடிக்க முடியவில்லை. இதை உங்கள் மகனிடம் கதையாகச் சொல்லுங்கள். ஒரு தேங்காய் அளவு கல், நூறு அடி உருண்டு வந்தால் என்ன செய்யும் என்று அவனுக்கே புரிந்துவிடும். யார் காலிலாவது தெரியாமல் கல் பெயர்ந்தால், "கல்லு, கல்லு" என்று கத்தவேண்டும். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒண்டிக்கொள்ளவேண்டும். ஒருவருக்கு நேர் கீழே ஒருவர் ஏறுவதும் கூடாது.

நாங்கள் பன்னிரண்டு பேர், ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றுகள் ஏறுகிறோம். போன வாரம் ஒரு பாறை முகட்டுக்கு அடியில் ஆறேழு பெரிய தேனடைகள் தொங்கின. தாண்டிப் போகலாமா என்று தகராறு. கடைசியில் திரும்பிவிட்டோம். செய்தது சரியா?
– ஒரு குழு, ஓசூர்

நூற்றுக்கு நூறு சரி. திரும்பலாம் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரை எப்போதும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அது மலைத்தேனீ. வீட்டுச் சந்தில் கூடு கட்டுகிற சின்னத் தேனீ இல்லை. ஒவ்வோர் அடையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே மற்றதெல்லாம் கிளம்பி வரும், சில நூறு மீட்டர் வரைக்கும் துரத்தும். நம் பக்கத்துக் குன்றுகளில் சிறுத்தையைவிட, பாம்பைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். சமதரையில் என்றால் ஓடிவிடலாம். வழுக்குப்பாறையில் நின்றுகொண்டு ஓடினால் தேனீயால் சாகமாட்டோம், விழுந்து சாவோம்.

அதனால் தொங்குகிற அடைக்கு அடியிலும் நேர் மேலேயும் போகவே கூடாது. சென்ட், வாசனை எண்ணெய் வேண்டாம். பீடி, சிகரெட், சமைக்க அடுப்பு, எந்தப் புகையும் கூடாது. பாட்டுப் பெட்டி, ட்ரோன் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆளுக்கு ஒரு பெரிய துண்டு கண்டிப்பாக இருக்கட்டும். கிளம்பிவிட்டது என்றால் கையை வீசி அடிக்காதீர்கள். துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, கால் வைக்கிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி விட்டு, வந்த வழியிலேயே இறங்கிக்கொண்டே இருங்கள், புதர் அடர்த்தியாக இருந்தால் அதற்குள் நுழைந்து போங்கள். சுனைத் தண்ணீரில் குதிக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கு தோலில் நின்றால் உடனே நகத்தால் வழித்து எடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நிறையக் கொட்டு வாங்கியவருக்கும், ஒரே கொட்டாக இருந்தாலும் முகம் வீங்கி மூச்சு திணறுகிறவருக்கும் 108-ஐக் கூப்பிடுங்கள், வீட்டுக்குப் போய்ச் சுண்ணாம்பு தடவிப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு பேர் என்பது குன்றுக்குக் கூட்டம் அதிகம். ரெண்டு குழுவாகப் பிரிந்து போங்கள்.

எந்த ஷூ வாங்கலாம்?
– வாசகர், ஊத்தங்கரை

அடிப்பாகம் தட்டையான, மெத்தென்ற ரப்பர் உள்ள எதுவும். பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூ போதும். பெரிய பெரிய பற்கள் வைத்த ஷூ சேற்றுக்கு நல்லது, பாறைக்கு இல்லை. வெறுங்கால் பிடிமானம் அருமையாக இருக்கும், ஆனால் ஒன்பது மணிக்கு மேல் பாறை தோசைக்கல்.

குத்திராயன் சிகரம் ஏற ஆசை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர்க்காரர் யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு நேரே போய்விடலாம் என்கிறார் நண்பர். யாரைக் கேட்கவேண்டும்?
– வாசகர், தருமபுரி

வனத்துறையைக் கேட்கவேண்டும். வேறு வழி கிடையாது. ஊருக்குப் பின்னால் இருக்கிற கரடு வேறு, மேலகிரி மலைக்காடு வேறு. அது காப்புக்காடு, யானை நடமாட்டம் உள்ள இடம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி ஊர்க்காரர்களைக் கேளுங்கள், ராகி கதிர் முற்றுகிற காலத்தில் ராத்திரி தூக்கம் உண்டா என்று. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம், கூட வருகிற ஊர்க்காரர்தான் முதலில் மாட்டுவார். நீங்கள் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், அவர் அங்கேயே பிழைக்கவேண்டியவர்.

இப்போது நல்ல வழியே இருக்கிறது. தமிழக அரசு 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தார்கள், அதில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயனும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ பயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் இருபது பேருக்கு மேல் செத்தது காய்ந்த புல் சரிவில் மாட்டிக்கொண்டுதான். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது வேகம் கூடும். மனுஷன் மேல்நோக்கி ஓடும்போது வேகம் குறையும். மாசி, பங்குனியில் காட்டுமலைகள் மட்டும் இல்லை, போதைப்புல் என்கிற காட்டுப்புல் மண்டிக் கிடக்கிற சின்னக் குன்றுகளையும் விட்டுவிடுங்கள்.

வயது 52. தீர்த்தமலை ஏறிவிடுகிறேன், இறங்கும்போது முழங்கால் உயிர் போகிறது. விட்டுவிடவேண்டியதுதானா?
– வாசகி, அரூர்

விடாதீர்கள் அம்மா. வீக்கம் இருந்தால், முட்டி பூட்டிக்கொண்டால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மற்றபடி ஒரு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். படியில் கம்பை முதலில் இறக்கி ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் சாய்ந்து இறங்கினால் முட்டிக்கு வேலை குறையும். வீட்டில் தினம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக. இறங்கத் தேவையான தொடை பலம் அதில்தான் வரும். வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடவேண்டும் என்று அவசரப்படுகிறவர்களுக்குத்தான் முட்டி போகிறது. அதனால் விடியும் முன்னாலேயே கிளம்புங்கள், பத்து மணிக்குள் சாவகாசமாக இறங்கிவிடலாம்.

மலை மேல் பாறை ஓவியம், பழைய கல்வீடு எல்லாம் இருக்கிறதாமே? போய்ப் பார்க்கலாமா?
– ஆசிரியர், பர்கூர்

உங்கள் பக்கத்திலேயே மல்லப்பாடி இருக்கிறது ஐயா, குதிரை மேல் ஆள் போன்ற வெள்ளை நிற உருவங்கள். மல்லசந்திரத்துக் கல்திட்டைகளையும் பாருங்கள், பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிக் கட்டியவை, பெருங்கற்கால மனிதர் இறந்தவர்களுக்காக எழுப்பியது. மாணவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளித்தால் படம் பளிச்சென்று வரும் என்று சிலர் தெளிக்கிறார்கள், அது ஓவியத்தை அரிக்கிற வேலை. கையால் தொடவும் கூடாது. திட்டைக்குள் தலையை விடுகிறதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம் அது. பாறைப் பொடவுகளில் (குகை மாதிரி இடங்களில்) கரடி படுத்திருப்பதும் உண்டு, அதனால் சாயங்காலம் இருட்டும் வரைக்கும் அங்கே தங்கவேண்டாம்.

எங்கள் கரட்டுக்கு மேப்பில் பெயரே இல்லை. உயரமும் பெரிதாக இல்லை. இதையெல்லாம் ஏறுவது மலையேற்றம் ஆகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதைப் பற்றி என்ன எழுதிவைப்பது?
– வாசகர், காரிமங்கலம்

ஆகும். மேப்பில் பெயர் இல்லாவிட்டால் என்ன, ஊரில் இருக்கும். நம் பக்கத்தில் ஒரே குன்றுக்குத் தமிழில் ஒரு பெயர், தெலுங்கு பேசுகிறவர்கள் வாயில் ஒரு கொண்டா, கன்னடம் பேசுகிறவர்கள் வாயில் ஒரு பெட்டா என்று மூன்று பெயர்கூட இருக்கும். வரப்பில் உட்கார்ந்திருக்கிற கிழவியைக் கேளுங்கள், ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள். குன்றுக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு பாறைக்கும், ஒவ்வொரு சுனைக்கும் பெயர் வைத்திருப்பார்கள். எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் தேன் கட்டும், எந்த இடுக்கில் ஆடு விழுந்தது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை எழுதிவையுங்கள். உயரத்தை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் இறங்கக்கூடாது என்று எழுதுங்கள். உச்சியில் ஒரு சாமிக்கல்லோ, கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற குழியோ அநேகமாக இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் குன்றுகளை ஒன்றும் இல்லாதது என்று யாரும் நினைக்கக்கூடாது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி சந்தையில் வாங்கியது இல்லை, ஏறுவதற்கு அரிய மலைப்பிளவிலிருந்து பறித்து வந்தது என்றுதான் புறநானூற்றில் ஔவை பாடுகிறார். தகடூர்க்காரன், அதாவது நம் தருமபுரிக்காரன், மலை ஏறினவன்.

பெயர்களை எழுதிவையுங்கள் என்று நான் அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கிரானைட்டுக்காக நம் மாவட்டங்களில் குன்றுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நான் முதன்முதலில் ஏறிய கரட்டில் பாதி இப்போது இல்லை, அந்தப் பக்கம் கத்தியால் கேக் வெட்டின மாதிரி நேர்ச்சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். (அப்படிப்பட்ட குவாரி விளிம்புக்கு ஒருபோதும் போகாதீர்கள், வெடி வைத்து வெடிப்பு விட்ட பாறை, எப்போது வேண்டுமானாலும் பெயரும். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதும் கரையிலிருந்து தெரியாது.) அங்கே ஒரு சுனை இருந்தது. ஆடுகள் வரிசையாக வந்து குடிக்கும், நானும் பக்கத்திலேயே குனிந்து அள்ளிக் குடித்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் இருந்தது, அப்போது கேட்டு எழுதிவைக்கவில்லை. இப்போது கேட்கலாம் என்று போனால் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் கரட்டின் பெயரையும் பாறைகளின் பெயர்களையும் விசாரித்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.